அடுத்தவர் வண்டியை ஓட்டுபவருக்கு இன்சூரன்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி, கரூர் பக்கம் சொந்த வண்டி இல்லாமல் ஸ்டியரிங்கை மட்டும் நம்பிப் பிழைக்கிறவர்கள் ஏராளம். கூப்பிட்ட வண்டியில் ஏறும் ஆக்டிங் டிரைவர், ஓசூரிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ பாடி இல்லாத வெறும் சேசிஸ் எடுத்து வந்து பாடி கட்டும் பட்டறையில் விடுகிறவர், சீசனுக்குச் சீசன் பழனி, சபரிமலை என்று டூர் வேன் ஓட்டுகிறவர். இன்சூரன்ஸ் வேலை பார்க்கும் என்னிடம் இவர்கள் கேட்கும் கேள்விகளையும், அதற்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். ஓனர்களுக்குச் சொல்ல ஆள் இருக்கிறது. இது டிரைவருக்கு.

ஏனுங்க, வண்டிக்குத்தான் புல் இன்சூரன்ஸ் இருக்குதே, எனக்குத் தனியா எதுக்குங்க?

வண்டியின் பாலிசி ஓனருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் இடையில் போட்ட ஒப்பந்தம். அதில் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு ஒரு பகுதி. வண்டியால் வெளியாளுக்கு ஆகும் பாதிப்புக்கு இன்னொரு பகுதி. நாம் ‘தேர்ட் பார்ட்டி’ என்று சொல்வது இதைத்தான். டிரைவர் இந்த இரண்டிலும் இல்லை. உங்கள் தவறால் வண்டி மரத்தில் மோதி உங்கள் கால் போனால், வண்டிக்குப் பணம் வரும், மரத்துக்காரர் கேட்டால் அவருக்கும் வரும். உங்கள் காலுக்கு வருமா என்பது பாலிசியில் இருக்கும் ஒரே ஒரு வரியைப் பொறுத்தது.

‘புல் இன்சூரன்ஸ்’, ‘பம்பர் டு பம்பர்’ என்று ஓனர் சொல்வதெல்லாம் இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும்தான். 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு கட்டாயம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது 2018-ல் வந்த விதி, ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர் லைசென்ஸ் வைத்திருந்து தானே ஓட்டினால் அவருக்கு. சம்பளத்துக்கு ஓட்டும் உங்களுக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது.

அந்த ஒரு வரி எங்கே இருக்கும்?

பாலிசியின் முதல் இரண்டு பக்கத்துக்குள் பிரீமியம் கணக்கு ஒரு கட்டமாக இருக்கும். இடது பக்கம் வண்டிச் சேதத்துக்கு வாங்கிய பிரீமியம், வலது பக்கம் பொறுப்புக்கு வாங்கியது. வலது பக்கத்தில் முதலில் தேர்ட் பார்ட்டிக்கு ஒரு பெரிய தொகை. அதன் கீழே ஓனர் டிரைவர் விபத்துக் காப்பு. அதற்கும் கீழே பொடி எழுத்தில் ‘லீகல் லயபிலிட்டி டூ பெய்டு டிரைவர்’, பக்கத்தில் ஐ.எம்.டி. 28 என்று ஒரு எண் (பாலிசியில் சேர்க்கும் கூடுதல் ஷரத்துகளுக்கு இப்படித்தான் நம்பர் போடுவார்கள்), நேராக ஒரு ஆளுக்கு 50 ரூபாய் வீதம் ஒரு தொகை. டிரைவர், கிளீனர் இரண்டு பேர் என்றால் 100 ரூபாய்.

வருஷத்துக்கு 50 ரூபாய். நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் இரண்டு டீயும் ஒரு பன்னும் சாப்பிட்டால் தீர்ந்துவிடும் காசு. லட்சக்கணக்கில் பிரீமியம் கட்டும் ஓனருக்கு இது கண்ணிலேயே படாது. ஆனால் பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட வேண்டும் என்ற போட்டியில் முதலில் விடுபடும் வரிகளில் இதுவும் ஒன்று. வரி இல்லாமலும் வாதாடி வாங்கிய குடும்பங்கள் உண்டு. அது வருஷக்கணக்கில் இழுக்கும் கோர்ட் வேலை. வரி இருந்தால் அந்த வாதமே தேவைப்படாது.

அதே கட்டத்தில் ஐ.எம்.டி. 17 என்று இருந்தால் அது வேறு: டிரைவர், கிளீனருக்கான தனிநபர் விபத்துக் காப்பு, குறிப்பிட்ட தொகை. இருந்தால் நல்லதுதான். ஆனால் 28-க்கு அது மாற்று ஆகாது.

வரி இருந்தால் எவ்வளவு வரும்?

இதற்குப் பின்னால் இருப்பது 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் கணக்குப் போடும் முறை அதேதான். டிரைவர் இறந்தால் மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கென்று அட்டவணையில் போட்டிருக்கும் எண்ணால் பெருக்க வேண்டும். நிரந்தரமாக முழு ஊனம் என்றால் பாதிக்குப் பதில் 60 சதவீதம். 2020-லிருந்து சம்பளத்தை 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். நீங்கள் படியோடு சேர்த்து 30,000 வாங்கினாலும் கணக்குக்கு 15,000-தான்.

30 வயதுக்கு அந்த எண் 207.98. 7,500-ஐ அதனால் பெருக்கினால் 15,59,850 ரூபாய். 40 வயதுக்கு 184.17, அதாவது 13,81,275. 50 வயதுக்கு 153.09, அதாவது 11,48,175. வயது ஏற ஏறத் தொகை இறங்கும்.

இந்தச் சட்டத்தில் டிரைவருக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு. தவறு யார் மேல் என்று பார்ப்பதில்லை. தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் நீங்களே கவிழ்த்தாலும், வேலையின்போது நடந்த விபத்தா என்பதுதான் கேள்வி. எதிர் வண்டிக்காரன் மேல் தவறு என்றால் இன்னொரு வழியும் திறக்கும்: அவன் வண்டியின் இன்சூரன்ஸ் மேல் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம். அங்கே 15,000 என்ற உச்சவரம்பு இல்லை. வருமானத்தை நிரூபித்தால் தொகை கூடும். இரண்டு இடத்திலும் வாங்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தீர்ப்பாயத்துக்கு ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் சொல்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வக்கீலைப் பார்த்துவிடுங்கள் என்று குடும்பங்களுக்கு நான் சொல்வது அதனால்தான்.

ஒரு நாள் ஆக்டிங் போனால் நான் ‘தொழிலாளி’ ஆவேனா? ஓனர் “அவன் என் ஆளே இல்லை” என்றால்?

ஆவீர்கள். தற்காலிக வேலைக்காரருக்குக் கிடையாது என்று அந்தச் சட்டத்தில் முன்பு இருந்த விலக்கை 2000-ம் ஆண்டிலேயே எடுத்துவிட்டார்கள். கப்பல் மாலுமி, விமானப் பணியாளர் வரிசையிலேயே வண்டி டிரைவரையும் கிளீனரையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கும் சட்டம் அது.

சட்டம் இருந்து என்ன, ஆதாரம் வேண்டுமே. நம் பக்கம் ஆக்டிங் வேலை முழுக்க வாய்ப்பேச்சுதான்: “அண்ணா, காலைல அஞ்சு மணிக்கு வந்துருங்க, கோயமுத்தூர் ஏர்போர்ட் போகோணும்.” முடிந்தால் சம்பளமும் படியும் கையில் வாங்காமல் ஜிபேயில் வாங்குங்கள். கிளம்பும் முன் வாட்ஸ்அப்பில் “டி.என். 28 இத்தனாம் நம்பர் வண்டி எடுத்துட்டேனுங்க, கோவைக்குக் கிளம்பறேன்” என்று ஒரு வரி போடுங்கள். ஓனர் ‘சரி’ என்று பதில் போட்டால் அதுவே போதும். டோல்கேட் ரசீது, டீசல் பில், டிரிப் ஷீட் எல்லாம் நீங்கள் அந்த வண்டியில் இருந்ததைத்தான் காட்டும். கூலிக்கு இருந்தீர்கள் என்பதைக் காட்டுவது அந்தப் பணமும் அந்த மெசேஜும்தான்.

காசு வாங்காமல் மாமன் காரை ஓட்டினேன். அப்போது?

இங்கேதான் ஏகப்பட்ட குடும்பங்கள் மாட்டுகின்றன. சம்பளம் இல்லாமல் இரவல் வாங்கி ஓட்டுகிறவர் ஓனரின் இடத்தில் நிற்கிறார் என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் நிங்கம்மா வழக்கிலும் 2020-ல் ராம்கிலாடி வழக்கிலும் சொல்லிவிட்டது. ஓனர் தன் மேலேயே நஷ்டஈடு கேட்க முடியாது, எனவே நீங்களும் கேட்க முடியாது. பெய்டு டிரைவர் வரியும் உதவாது, ஏனென்றால் நீங்கள் பெய்டு இல்லை. கல்யாண வீட்டுக்கு ஆள் ஏற்றி இறக்க நான்கு நாள் கார் ஓட்டும் பங்காளிப் பையனுக்கு அந்தப் பாலிசியில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. அவனுக்கென்று தனி விபத்துப் பாலிசி இருந்தால் மட்டும் பிழைத்தான்.

பாலிசியில் என் பெயர் இல்லை. நான் ஓட்டினால் வண்டிக்கு கிளெய்ம் கிடைக்குமா?

கிடைக்கும். பாலிசியில் டிரைவர் பெயர் எழுதுவதில்லை. விபத்து நேரத்தில் அந்த வகை வண்டிக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருந்த எவரும் ஓட்டலாம் என்றுதான் இருக்கும்.

என்னிடம் எல்.எம்.வி. (இலகு ரக வண்டி) லைசென்ஸ்தான். டூர் வேன் ஓட்டலாமா?

மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் ஓட்டலாம். 2017-ல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் சொன்னதை, 2024 நவம்பர் 6-ம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது. ஆர்.சி.யில் மொத்த எடை போட்டிருக்கும், பாருங்கள். 12, 13 சீட் டூர் வேன்கள் பொதுவாக அந்த எடைக்குள் வந்துவிடும். பெரிய பஸ், பத்து சக்கர லாரி எல்லாம் வராது. “மஞ்சள் போர்டுக்குப் பேட்ஜ் எங்கே” என்று கம்பெனி கிளெய்மை மறுத்தால் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

நாமக்கல் கேஸ் டேங்கர் ஓட்டுகிறவர்களுக்கு இது பொருந்தாது. அபாயகரமான சரக்குக்கு லைசென்சில் தனிப் பதிவு வேண்டும். அதற்குப் பயிற்சிச் சான்றும் வேண்டும், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

லைசென்ஸ் முடிந்து இருபது நாள்தான் ஆகிறது. முப்பது நாள் டைம் உண்டு இல்லையா?

முன்பு இருந்தது. 2019 திருத்தத்தில் அந்த 30 நாள் சலுகையை எடுத்துவிட்டார்கள். முடிவதற்கு ஒரு வருஷம் முன்னாடியே புதுப்பிக்க மனு போடலாம் என்பதுதான் இப்போதைய சலுகை. காலாவதியான லைசென்ஸோடு அடித்துவிட்டால் அடிபட்டவருக்கு கம்பெனி கொடுத்துவிட்டு ஓனரிடம் வசூலிக்கப் பார்க்கும். ஓனர் அடுத்து உங்கள் வீட்டு வாசலில் நிற்பார்.

சேசிஸ் டெலிவரி எடுக்கிறேன். நம்பர் பிளேட்டே இல்லாத வண்டிக்கு இன்சூரன்ஸ் எப்படி?

கரூர் பைபாஸில் விடியற்காலை நின்றால் பார்க்கலாம். பஸ் சேசிஸ் ஒன்று வரும்: இன்ஜின், நான்கைந்து கேஜ், ஸ்டியரிங், அவ்வளவுதான். கதவு கிடையாது, கூரை கிடையாது. பலகையைக் கட்டி உட்கார்ந்து, தலையில் துண்டைச் சுற்றி, மழைக்கோட்டை முன்பக்கம் மாட்டிக்கொண்டு ஒருவர் ஓட்டி வருவார். கேபின் உள்ள லாரிகளுக்கு 2025-லிருந்து ஏ.சி. கட்டாயம் என்று வந்துவிட்டது. இவருக்கு இன்னும் கண்ணாடியே வரவில்லை. எதில் மோதினாலும் முதலில் அடிபடும் இந்த மனுஷருக்குத்தான் காகிதம் மிகக் குறைவாக இருக்கிறது.

புது வண்டிக்கும் தேர்ட் பார்ட்டி இல்லாமல் ரோட்டில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. இது இரண்டு வகையில் வரும். பேக்டரியிலிருந்து டீலர் வரை வருவது பெரும்பாலும் மோட்டார் டிரேடு பாலிசியில். அதில் ரோடு டிரான்சிட் என்று ஒரு வகை இருக்கிறது, வண்டிகளை இடம் மாற்றுவதற்கென்றே போட்டது. பதிவாகாத வண்டியை ஓட்ட டீலருக்குத் தரும் டிரேடு சர்டிபிகேட்டில் போகும் வண்டிக்குச் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. வாங்கியவர் பெயரில் பில் போட்டு டீலரிடமிருந்து பட்டறைக்குப் போவது என்றால் தற்காலிகப் பதிவு, மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து. அது ஆறு மாதம் செல்லும், பாடி வேலை இழுத்தால் நீட்டிக் கேட்கலாம். இந்த இரண்டாவது வகையில் பாலிசி வாங்கியவர் பெயரில், சேசிஸ் நம்பரைப் போட்டு வந்திருக்கும்.

சாவியை வாங்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். பாலிசியில் உள்ள சேசிஸ் நம்பரும் பிரேமில் பஞ்ச் அடித்த நம்பரும் ஒன்றா? ஒரே மாடலில் நான்கு வண்டி ஒன்றாகக் கிளம்பும்போது காகிதம் மாறிப் போவது சாதாரணமாக நடப்பது. அடுத்தது, பாலிசி தொடங்கும் நேரம். சாயங்காலம் ஐந்து மணிக்கு வண்டியைக் கொடுப்பார்கள், பாலிசி நள்ளிரவு பன்னிரண்டுக்குத்தான் தொடங்கும். அந்த ஏழு மணி நேரத்தில் ஓசூரிலிருந்து கிளம்பி கரூரே வந்துவிடலாம். இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்டினால் தண்டனை ஓனருக்கு மட்டும் இல்லை, ஓட்டியவருக்கும்தான்: முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை. அபராதத்தைக் கட்டிவிடலாம். ஆள் மேல் ஏற்றியிருந்தால் அந்த நஷ்டஈட்டை யார் கட்டுவது?

இனி உங்கள் விஷயம். டெலிவரி டிரைவர்களை கான்டிராக்டர்தான் அனுப்புகிறார். அப்படியானால் உங்கள் முதலாளி யார்? வண்டி வாங்கியவரா, டீலரா, கான்டிராக்டரா? விபத்து நடந்தால் மூவரும் மற்ற இருவரைக் கைகாட்டுவார்கள். கான்டிராக்டரிடம் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி தனியாக இருக்கிறதா, அதில் எத்தனை டிரைவருக்குக் கட்டியிருக்கிறார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பத்துப் பேருக்குக் கட்டி முப்பது பேரை ஓட்ட விடுகிற ஆளும் இருக்கிறார்.

இன்னொன்று. வண்டியை விட்டுவிட்டுத் திரும்பி வருவது பஸ்ஸில் அல்லது ரயிலில், ஒரு பையும் டெலிவரி சீட்டும் கையில். அந்தப் பயணத்தில் அடிபட்டால் சேசிஸின் பாலிசிக்கும் உங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வேலையின் தொடர்ச்சி என்று முதலாளி மேல் வாதாடலாம், ஆனால் உறுதி இல்லை. ஜாம்ஷெட்பூர் போகிறவர் பாதி நாளைத் திரும்பி வருவதிலேயே கழிக்கிறார். இவருக்கு 24 மணி நேரமும் செல்லும் சொந்த விபத்துப் பாலிசி இல்லாமல் கூடவே கூடாது என்பது என் கருத்து.

பாடி கட்டி முடித்த பஸ்ஸைப் பட்டறையிலிருந்து எடுத்துவரச் சொல்கிறார்கள்.

சேசிஸ் விலைக்குப் போட்ட பாலிசியே பழையபடி இருக்கும். பாடி பில்லைக் கொடுத்து வண்டியின் மதிப்பை ஏற்றினார்களா என்று ஓனரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வழியில் இடித்தால் பாடிக்குப் பணம் வராது, கோபம் உங்கள் மேல் வரும்.

டெல்லியிலிருந்து செகண்ட் ஹேண்ட் கார் எடுத்துவரக் கூப்பிடுகிறார்கள்.

வண்டி கைமாறினால் தேர்ட் பார்ட்டி காப்பு தானாகவே வாங்கியவருக்கு மாறியதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். வண்டிச் சேதத்துக்கான காப்பு அப்படி மாறாது. 14 நாளுக்குள் மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். எனவே வழியில் நீங்கள் இடித்தால், ஆர்.சி. ஒருவர் பெயர், பாலிசி இன்னொருவர் பெயர் என்று கம்பெனி கையை விரிக்கும். நாற்பது லட்சம் ரூபாய் கார் என்று பெருமையாக ஓட்டி வரும்போது அந்த நாற்பது லட்சமும் யார் தலையில் என்பதைக் கிளம்பும் முன் எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். விற்றவர் கொடுத்த டெலிவரி நோட், வாங்கியவர் கொடுத்த அனுமதிக் கடிதம் இரண்டும் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மாநில எல்லையிலும் திருட்டு வண்டி விசாரணைதான்.

ஒயிட் போர்டு வண்டியில் டூர் ஓட்டலாமா? எல்லாரும் ஓட்டுகிறார்களே.

ஓட்டுகிறார்கள். விபத்து ஆகும் வரை ஓட்டலாம். சொந்த உபயோகம் என்று எழுதிப் பாலிசி வாங்கிவிட்டு வாடகைக்கு ஓட்டினால் பாலிசியின் நிபந்தனையை மீறியது ஆகிறது. வண்டிச் சேதத்துக்கு கிளெய்ம் போய்விடும். “சொந்தக்காரங்கதானுங்க, டூர் இல்லீங்க” என்று சேதத்தைப் பார்க்க வரும் கம்பெனி சர்வேயரிடம் சொல்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். பின்சீட்டில் இருக்கும் பயணிகளே ஆஸ்பத்திரியில் போலீசிடம் “ஆளுக்கு இவ்வளவு கொடுத்தோம்” என்று சொல்லிவிடுவார்கள்.

12 சீட்டில் 18 பேர் ஏற்றினால்?

பாலிசி எத்தனை பேருக்கோ அத்தனை பேருக்குத்தான் கம்பெனியின் பொறுப்பு. 2007-ல் அஞ்சனா ஷியாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன வழி இது: தீர்ப்பான தொகைகளில் பெரியவையாகப் பார்த்து அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை வரை கம்பெனி கட்ட வேண்டும், மீதியை ஓனர் கட்ட வேண்டும். திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் 70. கூடுதலாக ஆறு பேரை ஏற்றிக்கொண்டு இறங்கும் வண்டியின் பிரேக்குக்கு இன்சூரன்ஸ் கணக்கு தெரியாது.

லாரியில் வழியில் ஆள் ஏற்றலாமா?

கூடாது. சரக்கு வண்டியில் ஓசியிலோ காசு கொடுத்தோ ஏறும் ஆளுக்கு கம்பெனி பொறுப்பு இல்லை. 2002-ல் ஆஷா ராணி வழக்கில் முடிந்துபோன விஷயம். ஈரோடு மார்க்கெட்டுக்குத் தன் மஞ்சள் மூட்டையோடு வரும் விவசாயி வேறு, அவர் சரக்கின் சொந்தக்காரர், அவருக்கு உண்டு. மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது அதே வண்டியில் அவர் ஏறினால் வக்கீல்கள் சண்டை போடுவார்கள்.

போர்வெல் ரிக் வண்டி ஓட்டுகிறேன், திருச்செங்கோடு.

ரோட்டில் ஓடும்போது அது வண்டி, துளை போடும்போது அது மெஷின். நின்று வேலை செய்கையில் சாய்ந்து விழுந்தால் அந்தச் சேதத்துக்கு ஐ.எம்.டி. 47 என்ற வரியின் கீழ்க் கூடுதல் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். கூட வரும் ராடு போடும் பையன்கள் பெய்டு டிரைவர் வரிக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கு ஓனர் தனித் தொழிலாளர் பாலிசி எடுக்க வேண்டும்.

நானே எனக்கு எடுத்துக்கொள்ளக் கூடியது என்ன?

முதலில் பிரதமர் விபத்துக் காப்பீடு. பேங்க் அக்கவுண்டிலிருந்து வருஷம் 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரை. விபத்தில் இறந்தால் அல்லது முழு ஊனமானால் 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். ஜூன் 1 முதல் மே 31 வரை ஒரு வருஷக் கணக்கு, எனவே மே மாசக் கடைசியில் அக்கவுண்டில் அந்த 20 ரூபாய் இருக்க வேண்டும். இல்லாமல் போய் நின்றுபோன அக்கவுண்டுகள் நிறைய. இதோடு வருஷம் 436 ரூபாய்க்குப் பிரதமர் ஆயுள் காப்பீடு, எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம், சேருவது 50 வயது வரை.

இந்த இரண்டும் அடித்தளம்தான். அதற்கு மேல் தனிநபர் விபத்துப் பாலிசி ஒன்று, குறைந்தது பத்து லட்சத்துக்கு எடுங்கள். போஸ்ட் ஆபீஸ் பேமெண்ட் பேங்க் மூலமாகவும் கிடைக்கிறது, நேரடியாகக் கம்பெனியிடமும் எடுக்கலாம். வேலை என்ன என்ற கட்டத்தில் ‘டிரைவர்’ என்றே எழுதுங்கள். ஏஜென்ட் பிரீமியம் குறையட்டும் என்று ‘பிசினஸ்’ என்று எழுதுவார். கிளெய்ம் நாளில் அவர் போனை எடுக்கமாட்டார். வாரச் சம்பளம் போல் பணம் தரும் பகுதி இருக்கிறதா என்றும் பாருங்கள். கால் முறிந்து படுத்திருக்கும் வாரங்களுக்குக் காப்புத் தொகையில் 1 சதவீதம் போல், அதிகபட்சம் 100 வாரம் வரை தரும் பாலிசிகள் இருக்கின்றன. டிரைவர்களில் பலர் சாவதில்லை, ஆறு மாதம் வீட்டில் கிடக்கிறார்கள். வட்டிக்கு வாங்குவது அந்த ஆறு மாதத்தில்தான்.

அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்திலும் பதிவு செய்துவிடுங்கள். விபத்து மரணம், பிள்ளைகள் படிப்பு, கல்யாணம் இவற்றுக்கு உதவி உண்டு. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்தவர்கள்தான் அதிகம்.

அடிபட்டுவிட்டது. முதலில் யாருக்குப் போன் செய்வது?

108. அடிபட்டவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது டிரைவரின் சட்டக் கடமை. ஊர்க்காரர்கள் அடிப்பார்கள் என்று பயம் இருந்தால் நேராகப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள். 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்றுதான் விதி. காணாமல் போய்விடாதீர்கள். சிகிச்சைக்கு அட்வான்ஸ் கட்டச் சொன்னால், தமிழ்நாட்டில் முதல் 48 மணி நேரத்துக்கு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கிறது. மத்திய அரசின் திட்டம் 2025 மே மாதம் வந்தது, ஏழு நாள், ஒன்றரை லட்சம் வரை. இரண்டும் டிரைவருக்கும் உண்டு.

பிறகு ஓனர், பிறகு கம்பெனி. வண்டியை நகர்த்தும் முன் நான்கு பக்கமும், டயர் தடத்தையும் போட்டோ எடுங்கள். பெரிய சேதமாக இருந்தால் ஸ்பாட் சர்வேயர் வரட்டும். போலீஸ் வண்டியை நகர்த்தச் சொன்னால் நகர்த்துங்கள், அதற்கும் முன் போட்டோ. எப்.ஐ.ஆரில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ‘சம்பளத்துக்கு ஓட்டிய டிரைவர்’ என்று வருகிறதா என்று படித்துப் பாருங்கள். “ஓனரின் நண்பர்” என்று யாரோ எழுதிவிட்டால், மேலே சொன்ன நிங்கம்மா வழக்குதான் ஞாபகத்துக்கு வர வேண்டும். அடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி யாரென்று தெரியாவிட்டால் மரணத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 அரசு தரும். அதற்கு மனு வருவாய்த் துறை வழியாகப் போகும்.

ஓனர் சேதத்தை என் சம்பளத்தில் பிடிக்கிறார்.

முதலில் ஏன் பிடிக்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். லாரி, வேன் பாலிசிகளில் பம்பர், மட்கார்டு, ஹெட்லைட், பெயிண்ட், டயர் போன்றவை சாதாரணமாகக் காப்பில் வராது. ஐ.எம்.டி. 23 என்று கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால்தான் வரும். டிரைவர் கையில் ஆகும் சில்லறைச் சேதம் முக்கால்வாசி இந்தப் பாகங்களில்தான் ஆகிறது. ஓனர் அந்தப் பிரீமியத்தை மிச்சம் பிடித்துவிட்டு நஷ்டத்தை உங்களிடம் பிடிக்கிறார். நிரந்தரமாக ஒரே ஓனரிடம் ஓட்டுகிறவர் அடுத்த ரினியூவலுக்கு முன் இதைச் சொல்லிப் பார்க்கலாம். பேச்சு எடுபடும் ஓனர்களும் இருக்கிறார்கள்.

கேஸ், ஜாமீன், அபராதம் எல்லாம் இன்சூரன்ஸ் பார்க்குமா?

பார்க்காது. நஷ்டஈட்டு வழக்கைக் கம்பெனி நடத்தும். அஜாக்கிரதையால் மரணம் என்ற கிரிமினல் வழக்கு உங்களுடையது. பழைய ஐ.பி.சி.க்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106(1)-ன்படி ஐந்து வருஷம் வரை. நிற்காமல் ஓடினால் பத்து வருஷம் என்ற 106(2), 2024 ஜனவரியில் லாரிக்காரர்கள் ஸ்டிரைக் செய்த பிறகு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

கொஞ்சம் குடித்திருந்தேன்.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் என்றால் இந்தப் பக்கத்தில் எழுதியதில் பெரும்பாலானவை உங்களுக்குப் பயன்படாது.

கம்பெனி கிளெய்மை மறுத்துவிட்டது.

மறுத்த காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் அல்லது பதில் சரியில்லாவிட்டால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம், 50 லட்சம் வரை தீர்ப்புச் சொல்வார். ஆனால் இது உங்கள் பெயரில் உள்ள பாலிசிக்கு. ஓனர் பாலிசியில் உங்களுக்கு வர வேண்டிய இழப்பீட்டுக்குத் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு அதிகாரியிடம்தான் மனு.

ஓனரிடம் பாலிசி காப்பி கேட்டால் “என்னடா, என்னையே சந்தேகப்படறயா” என்கிறார்.

வண்டி நம்பரைப் போட்டு எம்பரிவாகன் ஆப்பில் பார்த்தால் இன்சூரன்ஸ், எப்.சி. எந்தத் தேதி வரை என்று தெரியும். அது செல்லுமா செல்லாதா என்பதற்குப் போதும். அந்த 50 ரூபாய் ‘பெய்டு டிரைவர்’ வரி அங்கே தெரியாது, அதற்கு காப்பிதான் வேண்டும். நேராகக் கேட்க வாய் வரவில்லையென்றால், “அண்ணா, செக்போஸ்ட்ல கேக்கறாங்க, பாலிசி பி.டி.எப். வாட்ஸ்அப்ல போட்டுடுங்க” என்று கேளுங்கள், போட்டுவிடுவார்கள். பிரீமியம் கட்டம் இருக்கும் பக்கத்தைத் திறந்து வலது பக்கம் பார்த்துவிட்டு, ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டில் இருப்பவர் போனுக்கு அனுப்பிவிட்டு வண்டியை எடுங்கள்.